பாதிதான் வந்துச்சு

நவம்பர் 10

மறுபடி மழை. காலையில் வந்த மூன்று லாரி நெல்லும் ஈரப்பதம் பத்தொன்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றன. ஈரமானியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். அதே பத்தொன்பது. ஒரு டிரைவர், "மேடம், மிஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்றார். சிரித்துவிட்டேன். அதற்காக ஈரம் குறையவில்லை.

மதியம் வாஞ்சிநாதன் சார் காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்வீட் என்று நினைத்து எல்லாரும் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஆறு வாக்கி டாக்கி, கறுப்பாக, குட்டை ஏரியலோடு. "இனிமே இந்த மில்லுல யாரும் தொண்டை கிழியக் கத்த வேணாம்" என்றார். புனாவில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் அரிசி மில்லை நடத்த வந்து சில வருஷங்கள் ஆகின்றன. எதையாவது வாங்கி வந்து எங்களை ஆச்சரியப்படுத்துவதில் அவருக்கு இன்னும் ஒரு சந்தோஷம்.

தேவைதான். நெல் கொட்டும் குழி வாசல் பக்கம். அங்கிருந்து நெல்லை வாளி வாளியாக மேலே தூக்குகிற எலிவேட்டரை ஓட்டும் பேனல் அறை பின்பக்கம், மாடியில். இங்கிருந்து அங்கே தெரியாது. இதுவரை இரும்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டுவதுதான் பேச்சு. இரண்டு தட்டினால் ஓட்டு. ஒன்று தட்டினால் நிறுத்து.

எனக்கும் ஒரு செட். கையில் வாங்கியதும் ஏனோ காதில் வைத்துப் பார்த்தேன், சங்கு மாதிரி.

நவம்பர் 12

கூட வந்த சின்னப் புத்தகத்தை முழுதும் படித்துவிட்டேன். எழுத்து எறும்பு சைஸ். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள் இத்தனை வருஷமாக நெல்லின் ஈரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். அலைநீளம் என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி இருந்தது.

இதில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேசலாம். பட்டனை அமுக்கியிருக்கும்வரை காது கிடையாது. விட்டால்தான் காது. இந்த ஏற்பாட்டை வீட்டிலும் வைக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். பட்டனை அமுக்கி ஒரு மூச்சு பொறுத்துப் பேசணும். முழுசாக முடித்த பிறகுதான் விரலை எடுக்கணும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்கணும். ஏரியலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டால் இரண்டும் உரசிச் சூடாகித் தீப்பிடிக்கும். பேட்டரியை மாற்றுவது ஆபீசில் மட்டும். உமித்தூசி பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும்.

"பேசி முடிச்சா 'ஓவர்'னு சொல்லணுமா மேடம்?" என்று கேட்டான் பரிதி. எங்கள் ஃபிட்டர். குழிக்குள் இறங்குவதும் அவன்தான், வாய் அடங்காததும் அவனுக்குத்தான். "நான் சொன்னா, 'நீ ஏற்கெனவே ஓவராத்தான் போறே'ங்கிறாங்க."

கூட்டம் அதோடு கலைந்தது. கடைசிவரை உட்கார்ந்து கேட்டவள் அம்சம் மட்டும். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவளை, பிளஸ் டூ வரை படித்திருக்கிறாளே, பேனலில் உட்காரவைக்கலாம் என்று ஆனியில் சாரிடம் சொன்னவள் நான். இந்த மில்லில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். கீழே இருக்கிறவர்களுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

நவம்பர் 21

சிரித்துச் சிரித்து வயிறு வலி.

காலை பத்து மணிவாக்கில் எல்லார் செட்டிலும் ஒரு குரல்: "ரெண்டாம் பந்திக்கு ரசம் வரல, ரசம் வரல." அப்புறம் இன்னொரு குரல்: "பாயசம் போடு, மொதல்ல பாயசத்தைப் போடு." ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்யாண மண்டபம். இந்த மாதிரி செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவர்களும் நாங்களும் ஒரே சானலில் நிற்கிறோம்.

பரிதி சும்மா இருப்பானா? "அண்ணே, இங்க ஆறு இலை போடுங்க" என்றான்.

பிறகு: "யாருப்பா அது? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"நெல்லு வீடு!"

சானலை மாற்றிவைத்தேன். மதியத்துக்குள் யாரோ பழையபடி திருப்பிவிட்டார்கள். மெனு கேட்காமல் வேலை ஓடவில்லையாம்.

நவம்பர் 27

அம்சம் செட்டில் "என்ன? என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். மேலே மோட்டார் இரைச்சல். பரிதி உடனே, "அம்சக்கா காதுல உமி அடைச்சிக்கிச்சு, யாராச்சும் போயி ஊதி விடுங்க" என்றான். ஆறு செட்டிலும் சிரிப்பு. களத்திலிருந்த பெண்கள்கூட.

அதற்கப்புறம் நாள் முழுக்க அம்சத்திடமிருந்து "சரிங்க", "சரிங்க"தான். சீக்கிரம் பழகிக்கொண்டாளே என்று நினைத்தேன்.

டிசம்பர் 3

விடாத மழை. சுடர்விழி கோயம்புத்தூரிலிருந்து போன். குடை வாங்கினாயா என்றால் "சரிம்மா". சாப்பிட்டாயா என்றால் "சரிம்மா". யாருக்கு எதற்குப் பதில் சொல்கிறாள் என் மகள்?

டிசம்பர் 22

அந்தச் சத்தம் இன்னும் காதுல ஓடுது. எழுதினா நிக்கும்னு உட்கார்ந்திருக்கேன்.

பதினோரு மணி இருக்கும். எலிவேட்டர் அடியில் வைக்கோலும் சாக்குக் கிழிசலும் போய் அடைத்துக்கொண்டது. அம்சம் மேலேயிருந்து நிறுத்தினாள். பரிதி குழியில் இறங்கி, அடிக்கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். இது வாரத்தில் ஒரு முறையாவது நடக்கிறதுதான். வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்சம் செட்டில், "முடிஞ்சுதா பரிதி? போடவா?" என்று கேட்டாள். அது எனக்கும் கேட்டது. அவன் ஏதோ சொன்னான். நான் அப்போது லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. "சரிங்க" என்றாள் அம்சம்.

அப்புறம் பெல்ட் நகர்ந்த சத்தம். அப்புறம் பரிதி.

அந்த அலறல் செட்டில் வரலை. நேரா வந்துச்சு. நான் என்ன அமுக்கினேன், எப்படி அமுக்கினேன் தெரியாது — "நிறுத்து! நிறுத்து! நிறுத்து!" — நின்றது.

கையுறை வாளியோடு மேலே போய்விட்டது. கையுறை போகாமல் இருந்திருந்தால் கை போயிருக்கும். இடது சுண்டுவிரல் நகம் இல்லை, எலும்பில் கீறல் என்றார் கும்பகோணத்து டாக்டர். கார் சீட்டெல்லாம் ரத்தம். வழி முழுக்க பரிதி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்: "எலிவேட்டர இப்ப போட வேணாம்னுதானே மேடம் சொன்னேன்? போட வேணாம்னுதானே சொன்னேன்?"

திரும்பி வந்தபோது அம்சம் பேனல் அறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். "எலிவேட்டர இப்ப போடன்னுதான் கேட்டுச்சுக்கா. என் பொண்ணு மேல சத்தியமா."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிகிறது. அப்படியென்றால் நடுவில் என்ன நடந்தது?

டிசம்பர் 23

அம்சத்தைத் திரும்பக் களத்துக்கு அனுப்பிவிட்டார் சார். பேனலுக்கு பாய்லர் தங்கையன் அண்ணன். "பொம்பளைய மேல ஏத்துனா இப்படித்தான்" என்று கீழே ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் "மெதுவா, மேடம் வர்றாங்க" என்றார். மெதுவாகச் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடுமா?

சார் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதான் தாமரை அவங்கள உக்கார வெச்சேன். இது ஒரு விரலோட போச்சு. தையில சம்பா வர ஆரம்பிச்சா நின்னு மூச்சுவிட நேரம் இருக்காது. அதுக்குள்ள ஆளை மாத்திர்றதுதான் நல்லது" என்றார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டீக்கடையில் ஒரு விளக்கம் பிறந்திருக்கிறது. மண்டபத்துக்காரன் "சாம்பார் போடு" என்றிருப்பான், அது நம்ம செட்டில் விழுந்திருக்கும், அம்சம் என்ன செய்வாள் பாவம். களத்துப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இது நிலைத்தால் அம்சம் பிழைத்தாள். மண்டபத்துக்கும் நஷ்டமில்லை.

ஆசையாகத்தான் இருக்கிறது நம்புவதற்கு.

டிசம்பர் 24

காலையில் வாசலில் கோலம் போட்டுப் பூசணிப்பூவை வைக்கும்போதுதான் உறைத்தது. இது மார்கழி. மார்கழியில் ஏது முகூர்த்தம்? மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. போகும்போது பார்த்தேன், கேட் முன்னால் ஆடு படுத்திருக்கிறது.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாரிடம் சொன்னேன். அம்சத்துக்கு இருந்த ஒரே பிடியை நானே அவிழ்த்துவிட்டேன். ஆனால் இல்லாத சாம்பாரை நம்பினால், இன்னொரு நாள் இன்னொரு கை போகும்.

டிசம்பர் 26

பரிசோதனை. மதிய இடைவேளையில் சாரை மேலே பேனல் அறையில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் குழிப்பக்கம் நின்று "எலிவேட்டர இப்ப போட வேணாம்" என்றேன். பத்துத் தடவை. பத்தும் சுத்தமாகக் கேட்டதாம். "ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு தாமரை" என்று சார் சிரித்தார். அத்தோடு முடிந்தது அவருக்கு.

எனக்கு முடியவில்லை. செட்டில் கோளாறு இல்லை. சொன்னவன் பொய்யன் இல்லை. கேட்டவள் செவிடில்லை. ஆனால் விரல் நசுங்கியிருக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு

கண்டுபிடித்தேன்! இல்லை, பால் கண்டுபிடித்தது.

இரண்டு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். என் வீட்டுக்காரர் செழியனைக் கொல்லையில் தண்ணீர் மோட்டார் பக்கம் நிற்கவைத்தேன். "தமிழ் வாத்தியாருக்கு ஞாயித்துக்கிழமை டியூட்டியா?" என்று முனகிக்கொண்டே போனார். நான் அடுப்படியிலிருந்து பேசினேன். எல்லாம் நன்றாகக் கேட்டது. போதும் வாங்க என்று சொல்ல இருந்த நேரம், பால் பொங்கி வழிய ஆரம்பித்துவிட்டது. மாடித் தொட்டி நிறைந்திருப்பது ஞாபகம் வந்து, "மோட்டர இப்ப போட வேணாம்" என்று சொல்லிக்கொண்டே செட்டை வைத்துவிட்டு அடுப்புக்கு ஓடினேன்.

கொல்லையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மாடியிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செழியன் ஓடிவந்தார். "நீதானே போடச் சொன்னே?"

"போட வேணாம்னேன்."

"'மோட்டர இப்ப போட'ன்னு வந்துச்சு. அதோட சத்தமே இல்ல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் முதலில் மோட்டாரை நிறுத்தினார். அப்புறம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். அவசரத்தில் விரல் வாயை முந்திக்கொள்கிறது. கடைசி வார்த்தைக்குள் பட்டனை விட்டுவிடுகிறோம். நம் பேச்சில் வேணும், வேணாம் எல்லாம் கடைசியில்தானே வருகிறது? செழியன் உற்சாகமாகி, "வராது, முடியாது, இல்லை, கூடாது... எதிர்மறை பூரா வாலுலதான்!" என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். வாலை வெட்டினால் மறுத்தது சம்மதமாகிவிடுகிறது. எத்தனை வருஷமாகப் பேசுகிற பாஷை! ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

இன்னொன்றும் தோன்றியது, பால் சட்டியைத் தேய்க்கும்போது. அந்தப் பழைய ஸ்பேனர். இரண்டு தட்டினால் ஓட்டு, ஒன்று தட்டினால் நிறுத்து. அதில் ஒரு தட்டு காதில் விழாமல் போனால்? நின்றுவிடும். பாதி தொலைந்தாலும் ஆபத்தில்லை. யார் வைத்த வழக்கமோ தெரியாது. தெரிந்து வைத்தார்களா, தற்செயலா என்றும் தெரியாது.

டிசம்பர் 30

பரிதி கட்டுப்போட்ட கையோடு வந்தான். வேலைக்கு இல்லை, வீட்டில் உட்கார முடியவில்லையாம். மில் ஓடும்போதே அவனைக் குழியோரம் நிற்கவைத்துச் செட்டைக் கொடுத்தேன்.

"நீ பாட்டுக்கு எப்பவும் போல பேசு. நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். கட்டைவிரலைத்தான் பார்ப்பேன்."

"ஏன் மேடம், மை தடவிப் பார்க்கப் போறீங்களா?"

பேசினான். ஐந்து வாக்கியத்தில் மூன்றில், கடைசி வார்த்தை வாயில் இருக்கும்போதே விரல் மேலே வந்துவிட்டது. சொன்னேன். அவன் நம்பவில்லை. போனில் படம் எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். கட்டுப்போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்ப அம்சக்கா மேல..."

அவனும் முடிக்கவில்லை.

ஜனவரி 2

களத்துக்குப் போனேன். வெயில் வந்துவிட்டதால் நெல் காய்கிறது. அம்சம் காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே நடந்தாள். நானும் கூடவே நடந்தேன். விரல் விஷயம், பால் பொங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் உன்மேல் தப்பில்லை என்றேன்.

இரண்டு வரி நடந்த பிறகு பேசினாள்.

"இல்லக்கா. எனக்குப் பாதிதான் வந்துச்சுன்னு எனக்கே தெரியும். 'போட'ன்னதும் சத்தம் நின்னு போச்சு. மீதிய நானே சேத்துக்கிட்டேன்."

"ஏன் திருப்பிக் கேக்கல?"

"கேட்டா சிரிப்பாங்க."

அப்புறம் மெதுவாக: "எங்கம்மா சார் வீட்டு வயல்ல நடவு நட்டவங்க. வரப்புல நின்னு யாரு என்ன சொன்னாலும் 'சரிங்க'தான். காதுல விழலன்னாலும் 'சரிங்க'தான். 'என்னங்க சொன்னீங்க'ன்னா, திமிரப் பாருன்னுவாங்க. அது எனக்கு வேணாம்னுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அன்னிக்கு ஆறு மிஷின்லயும் சிரிச்சாங்கல்ல... எங்கம்மா வாயி எனக்கு வந்துருச்சுக்கா."

என் அம்மாவும்தான் நட்டாள். வேறு ஊர், வேறு வரப்பு. டிசம்பர் 23-ஐத் திருப்பிப் படித்தேன். "சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்." எம்.எஸ்சி.

இப்போது என்ன செய்வது? முழுதும் சொன்னால், 'அரைகுறையாகக் கேட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள்' என்றாகும். விரலோடு நிறுத்திக்கொண்டால் அம்சம் நாளைக்கே மேலே போகலாம். ஆனால் அந்த "சரிங்க" அப்படியே இருக்கும்.

அவளிடமே கேட்டேன். குனிந்து நெல்லில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"சொல்லுங்க. ஏன் கேக்கலங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. பாதி சொல்லிட்டுப் பட்டனை விட்டுடாதீங்க."

ஜனவரி 5

காலையிலேயே ஒரு காரியம் செய்தேன். குழியோரம் எலிவேட்டரின் மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, கைப்பிடியில் ஆபீஸ் பீரோப் பூட்டைப் போட்டுப் பூட்டினேன். சாவியைப் பரிதியின் சட்டைப்பையில் போட்டேன். மற்ற மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

சாரை மறுபடி மேலே அழைத்துப் போனேன், தங்கையன் அண்ணன் பக்கத்தில். "என்ன கேக்குதோ அதைச் செய்ங்க சார்" என்றேன். கீழே பரிதி, அவன் பாணியில், அவசரமாக, மூன்று தடவை பேசினான். முதல் இரண்டு முழுசாக வந்தன. மூன்றாவது: "எலிவேட்டர இப்ப போட—"

சார் திரும்பி, "போடச் சொல்றான், ஓட்டுங்கண்ணே" என்றார். தங்கையன் அண்ணன் பச்சைப் பட்டனை அமுக்கினார்.

ஒன்றும் ஓடவில்லை.

"ஏன் ஓடல?"

"கீழே பூட்டியிருக்கு சார். சாவி பரிதி பையில. ஓடியிருந்தா, இன்னிக்கு ஓட்டச் சொன்னது நீங்க."

சார் பச்சைப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையன் அண்ணன் மெல்ல எழுந்து, "அடுப்பைப் பார்த்துட்டு வரேன்" என்று போய்விட்டார்.

மீதியையும் சொன்னேன். உமி ஜோக், சிரிப்பு, பாதி கேட்டது, அம்சம் ஏன் கேட்கவில்லை என்பது, அவள் அம்மா நட்ட வயல். கடைசிவரை விரலை எடுக்கவில்லை.

"என்கிட்டக்கூடவா கேக்கத் தயங்குவாங்க?" என்றார்.

"உங்ககிட்டதான் சார்."

முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் எங்க தாத்தா காலம் தாமரை" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் சொல்லுகிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சும்மா நின்றேன். அவர்தான் கடைசியில், "பார்க்கலாம்" என்று இறங்கிப் போனார்.

பார்க்கலாம் என்றால் என்ன? வாலில் வேணும், வேணாம் எதுவுமே இல்லாத வாக்கியம்.

ஜனவரி 8

சார் காரிலிருந்து ஒரு பை. உள்ளே சிவப்புப் பூட்டுகள். என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

புதுப் பழக்கங்கள். குழியில் இறங்குகிறவர் முதலில் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ளணும். மெயின் இருந்தால் மட்டும் எரிகிற விளக்கு ஒன்றை மேலே பேனலில் மாட்டியாச்சு. வாக்கி பேசத்தான், உயிரைக் காக்கப் பூட்டு. செட்டில் 'போடு' என்ற சொல்லே கிடையாது, 'வேணாம்' கிடையாது. 'நிறுத்து', 'ஓடட்டும்', இரண்டுதான். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். பாதி வந்தால் பாதிதான் வந்தது என்று சொல்லணும், யார் பேசினாலும். சானல் மாற்றியாச்சு, மண்டபத்து மெனுவுக்குத் தையில் ஏங்குவார்கள்.

'யார் பேசினாலும்' என்பதைப் படிக்கும்போது எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் ஜன்னலைப் பார்த்தார்.

அம்சம் இன்னும் களத்தில்தான்.

ஜனவரி 15

பொங்கல் நன்றாகப் பொங்கியது. செழியன் கொல்லைப் பக்கம் திரும்பி, "மோட்டார நிறுத்து!" என்றார். சுடருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 19

தங்கையன் அண்ணன் சாரிடம் போய், "எனக்கு அடுப்புதான் தோது. அந்தப் படி ஏறி எறங்கி முட்டி போச்சு. மேல உக்காந்தா மனசு பூரா பாய்லர்லயே இருக்கு" என்றிருக்கிறார். முட்டியா, மனசா, வேறு ஏதாவதா, கேட்கவில்லை.

சார் என்னைக் கூப்பிட்டார். "அம்சத்தை மேல வரச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "சம்பா முடியற வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

நான் திருப்பிச் சொன்னேன்: "அம்சத்தை மேல வரச் சொல்றீங்க. சம்பா முடியற வரைக்கும்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பரிதி படிக்கட்டில் அவளை மறித்துக்கொண்டு, "அக்கா, காதுல..." என்று ஆரம்பித்தான். அம்சம் நின்று பார்த்தாள். "...காதுல புதுத் தோடு நல்லாருக்கு" என்று முடித்தான். "பழசுதான்டா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

ஜனவரி 29

சம்பா வந்துவிட்டது. ஈரம் பதினேழு. லாரிகள் ரோடு வரை.

இன்றைக்கென்று எலிவேட்டர் மறுபடி அடைத்துக்கொண்டது. பரிதி பூட்டைப் போட்டுவிட்டுக் குழியில் இறங்கினான். நேரமாகிறது. பின்னால் பஸ் நிற்கிறது, கண்டக்டர் இறங்கி வந்து சத்தம் போடுகிறார். சார் வாசலில் வெயிலில் நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குழியை அவர் பார்க்கவில்லை. செட்டை வாயில் வைத்து, "அம்சம், லாரி ரோடு வரைக்கும் நிக்குது, எலிவேட்டர் ஓட—"

விரல் முந்திவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன்.

எல்லாச் செட்டும் திறந்திருந்தது. மேலேயிருந்து அம்சம்:

"சார், பாதிதான் வந்துச்சு. திருப்பிச் சொல்லுங்க."

களத்தில் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி காலை நெல்லில் வைத்தபடியே. கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டார், எதற்கென்று தெரியாமல்.

சார் கையிலிருந்த செட்டைப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். ஒரு மூச்சு பொறுத்தார். "எலிவேட்டர் ஓடட்டும்" என்றார்.

"எலிவேட்டர் ஓடட்டுங்கிறீங்க சார். இங்க பேனல்ல மெயின் விளக்கு எரியல. அப்படின்னா பரிதி பூட்டு இன்னும் தொங்குது. அவன் வெளிய வந்து தொறந்தாத்தான் ஓடும். இப்ப நிறுத்தம்தான்."

குரல் நடுங்கியது. கடைசி எழுத்துவரை நடுங்கிக்கொண்டே வந்தது.

சார் அப்போதுதான் குழிப்பக்கம் திரும்பினார். பரிதியின் முதுகு மட்டும் தெரிந்தது. தோள்வரை கை உள்ளே. கைப்பிடியில் சிவப்புப் பூட்டு.

பிறகு பட்டனை அமுக்கி, பொறுத்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சரிங்க."

ஆறு செட்டிலும் அது முழுசாக வந்தது.